பதினான்காம் எண் அட்டை

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒருவழியாகக் கப்பல் ஏறியாயிற்று. மாலத்தீவில், மாலே துறைமுகத்தில் எங்களை ஏற்றிக்கொண்ட இந்தக் கப்பல் நான் நினைத்த மாதிரி மாடி மாடியாக இல்லை. சின்னதுதான். பயணிகளே முப்பத்தாறு பேர். ஆனால் சொகுசுக்குக் குறைச்சல் இல்லை. கட்டில் மேல் துண்டை மடித்து அன்னப் பறவை செய்து வைத்திருந்தார்கள். இவர் அதைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறைக்குக் கொண்டுவந்து விட்ட பெண் திகைத்து நின்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எங்கள் நாற்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகள் செவ்வந்தி சிங்கப்பூரிலிருந்து செய்த ஏற்பாடு இது. ஏழு நாள், தீவு தீவாக. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு ஆசை, அவ்வளவுதான். இவர் முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் கார்டு. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து ஊரெல்லாம் பார்த்தார். நான் பொன்மலை குவார்ட்டர்ஸில் டிபன் கேரியர் கழுவினேன். "ரிட்டயர் ஆனதும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன் பரிமளம்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிய மனுஷன். ஒரு நாள்கூட இவர் வண்டியில் இவரோடு நான் போனதில்லை.

ஏறுவதற்கு முன்னால் ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை உண்டா, இருதயக் கோளாறு உண்டா, மறதி நோய் உண்டா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி. இரண்டு பேருக்கும் நானே எழுதினேன். எல்லாவற்றுக்கும் 'இல்லை'. இவருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது.

கப்பலிலிருந்து படகுக்கு இறங்கும் படியருகே சுவரில் ஒரு பலகை. ஒவ்வொருவருக்கும் எண் போட்ட வட்ட அட்டை. கப்பலை விட்டு இறங்கும்போது சிவப்புப் பக்கம் தெரியத் திருப்ப வேண்டும், திரும்பி வந்ததும் வெள்ளைப் பக்கம். எல்லா அட்டையும் வெள்ளையானால்தான் நங்கூரம் எடுப்பார்கள். இதையெல்லாம் தமிழில் விளக்கியவர் படகுகளுக்குப் பொறுப்பாளரான மிக்கேல் பர்னாந்து. தூத்துக்குடிக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். நடுக்கடலில் தமிழ் கேட்டதும் எனக்குத் தெம்பாகிவிட்டது.

"அவாவா அட்டையை அவாவாதான் திருப்பணும்மா. புருஷனுக்காகப் பெஞ்சாதி திருப்பக் கூடாது, பெஞ்சாதிக்காகப் புருஷன் திருப்பக் கூடாது. அது ஒண்ணுதான் இங்க சட்டம்" என்றார்.

என் எண் பதின்மூன்று. இவருடையது பதினான்கு.

பிப்ரவரி 10, திங்கள்

டால்பின் என்கிற ஓங்கில் மீன் காட்டுகிறோம் என்று நடுக்கடலில் கப்பலை நிறுத்தினார்கள். எல்லோரும் முன்பக்கம் ஓடினோம். திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேடிப் போனேன்.

கப்பலின் பின்கோடியில் நின்றிருந்தார், கையில் நீச்சல்குளத்துச் சிவப்புத் துண்டு. நடைபாதையில் பாதி தூரத்தில் ஒரு டீ கப் கவிழ்ந்திருந்தது. கோடியில் வரிசையாக மூன்று.

இது கார்டு வேலை. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் கார்டு சிவப்புக் கொடியோடு பின்னால் நடந்துபோய்த் தண்டவாளத்தில் பட்டாசு வைக்க வேண்டும். பாதி தூரத்தில் ஒன்று, முழு தூரத்தில் மூன்று. பின்னால் வருகிற வண்டி அதில் ஏறினால் வெடிக்கும், டிரைவர் நிறுத்துவார். எஞ்சின் நீளமாக விசில் கொடுத்துக் கூப்பிடுகிற வரைக்கும் கார்டு அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. திரும்பும்போது அந்த மூன்றையும் விட்டுவிட்டு, நடுவில் வைத்த ஒன்றை மட்டும் எடுத்து வர வேண்டும். கல்யாணமான புதிதில் சாப்பாட்டுத் தட்டில் கறிவேப்பிலையை வைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"வாங்க, எல்லாரும் பாக்கிறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "எஞ்சின் கூப்பிடட்டும்" என்றார். அசையவே இல்லை. நல்ல வேளையாக ஒரு மீன்பிடிப் படகு குறுக்கே வர, கப்பல் நீளமாக ஊதியது. தானாக நடந்து வந்தார். வழியில் அந்த ஒற்றைக் கப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

விளையாட்டுப் புத்தி, வேறென்ன. எழுபத்தொரு வயதில்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் டீயை நீட்டினேன். "ரொம்ப தேங்க்ஸ்ம்மா" என்றார். இந்தக் கப்பலில் எல்லோரும் அப்படித்தான் மரியாதையாகப் பேசுகிறார்கள். இவருக்கும் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது.

செவ்வந்தி வாட்ஸப்பில் கூப்பிட்டாள். "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். குளிக்கிறார் என்றேன். "எப்பப் பார்த்தாலும் குளிக்கிறாரே" என்றாள். கடல் காற்று, பிசுபிசுப்பு என்று சமாளித்தேன்.

தீவுக்குப் போய்த் திரும்பியதும் இரண்டு அட்டைகளையும் நானே திருப்பினேன். இவர் பலகை முன்னால் நின்று எண்களைத் தேடிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். மிக்கேல் பார்த்துவிட்டார்.

"அம்மா, தப்பா நினைக்காதீய. அய்யா அட்டையை நீங்க திருப்புதீய. அப்படிச் செய்யாதீய, ஆபத்து."

"நாப்பத்தஞ்சு வருஷமா அவருக்கு எல்லாம் நான்தான் செய்யறேன். நீங்க உங்க படகைப் பாருங்க தம்பி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு என்னவோ போலிருந்தது. நல்ல மனுஷன்.

பிப்ரவரி 12, புதன்

அறையிலேயே இருந்தோம். தூங்கும்போது கதவுக் கைப்பிடிக்கும் கட்டில் காலுக்குமாக என் பழைய சேலையைக் கட்டி வைத்தேன். கப்பல் ஆட்டத்தில் கதவு திறந்துகொள்ளும் என்றுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

மாலை 5.05

இன்று ஆளில்லாத் தீவு. கிளம்புகிற நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த படகின் மோட்டார் கரையிலேயே நின்றுவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நான் பவளக் கல்லில் பாதத்தைக் கிழித்துக்கொண்டேன், நல்ல ரத்தம். அதனால் இன்னொரு படகில் என்னை முதலில் ஏற்றி அனுப்பினார்கள். "இவங்ககூடவே நில்லுங்க, அடுத்த படகுல வாங்க" என்று இவரிடம் சொன்னேன். தோளில் சிவப்புத் துண்டோடு தலையாட்டினார். கப்பலில் டாக்டர் கட்டுப் போட்டார். இப்போதுதான் அறைக்கு வந்தேன். கப்பல் நகர ஆரம்பித்துவிட்டது. இவர் அறையில் இல்லை. மேலே டீ குடிக்கிறாராக இருக்கும்.

5.20

மேல்தளத்தில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்திலும் இல்லை.

5.30

பின்கோடியில் இல்லை. அங்கேதான் இருப்பார் என்று நினைத்தேன். கழிப்பறைகளைத் தட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் கோபித்துக்கொண்டார். யாரிடமாவது கேட்கலாம். கேட்டால், பெரிய மனுஷரை ஏன் இப்படித் தேடுகிறீர்கள் என்பார்கள். அப்புறம் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இன்னும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறேன்.

5.40

பலகையைப் பார்த்தேன். பதினான்கு வெள்ளையாக இருக்கிறது. முருகா, அதைத் திருப்பியது யார்.

6.10

சொல்லிவிட்டேன். கப்பல் திரும்புகிறது. தெரிந்த உடனே சொல்லிவிட்டேன் என்று கேப்டனிடம் சொன்னேன். அவருக்கு நீச்சல் தெரியாது.

பிப்ரவரி 14, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். என் கையெழுத்தில் ஒரு இடத்திலாவது உண்மை இருக்கட்டும்.

நேற்று நான் போய் நின்றது மிக்கேலிடம். "தம்பி, அவர் கப்பல்ல இல்ல" என்றேன். அவர் பலகையை எட்டிப் பார்த்தார். "வெள்ளையால்லா இருக்கு?" என்றார். "நான்தான் திருப்பினேன்" என்றேன். காலில் ரத்தத்தோடு படியேறி வந்தபோது, டாக்டர் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தபோது, என் கை தானாகப் போய்ப் பதின்மூன்றையும் திருப்பியது, பதினான்கையும் திருப்பியது. பழக்க தோஷம். அடுத்த படகில் வந்தவர்கள் இவர் என்னோடு முதலிலேயே போய்விட்டார் என்று நினைத்தார்கள். மிக்கேல் பலகையை நம்பினார்.

மிக்கேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முகம் வெளிறிப் போய்க் கேப்டன் அறைக்கு ஓடினார்.

தீவை நெருங்கும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. என்னைக் கப்பலிலேயே இருக்கச் சொன்னார்கள். இருப்பேனா? கட்டுப் போட்ட காலோடு படகில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கரையில் இறங்கி நாலைந்து பேர் டார்ச் அடித்து "மிஸ்டர் நாகரத்தினம்! மிஸ்டர் நாகரத்தினம்!" என்று கத்தினார்கள். பதிலே இல்லை. தீவு ஒன்றும் பெரிதில்லை, பத்து நிமிஷத்தில் சுற்றிவிட்டார்கள். ஒருவர் தண்ணீருக்குள் டார்ச் அடிக்க ஆரம்பித்தார். ஏன் தண்ணீருக்குள் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அப்போதுதான் மிக்கேல் ஓடி வந்தார், கையில் தேங்காய் அளவு வெள்ளைப் பவளக் கல்.

"அம்மா, மணல் திட்டு தொடங்குத இடத்துல இது இருந்துச்சு. அலை கொண்டாந்து போட்டது இல்ல. நாலு பக்கமும் மணலை அணைச்சு யாரோ குத்த வச்சிருக்காவ."

தீவின் ஒரு மூலையிலிருந்து மணல் திட்டு ஒன்று நாக்கு நீட்டினாற்போல் கடலுக்குள் போகும். மதியம் அதில் நடந்து போய்ப் பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள். இப்போது திட்டையே காணோம். கடல் ஏறிக்கொண்டிருந்தது.

ஒற்றைக் கல். பாதி தூரத்தில் ஒன்று.

"அந்தக் கோடியில மூணு கல் வச்சிட்டு நிக்கிறார்" என்றேன். "படகு நின்னுடுச்சு இல்லையா? வண்டி நின்னா கார்டு பின்னால போயிடணும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வர மாட்டார். தண்ணி கழுத்துக்கு வந்தாலும் வர மாட்டார். கப்பலை ஊதச் சொல்லுங்க தம்பி. விடாம, நீளமா ஊதச் சொல்லுங்க."

மிக்கேல் வாக்கி டாக்கியில் பேசினார். கேப்டன் ஏதோ மறுத்தார். தீவில் பறவைகள் முட்டையிட்டிருக்கின்றன, இங்கே ஊதுவதில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டும் வராதவர் ஊதுகிற சத்தத்துக்கு மட்டும் எப்படி வருவார், ஏன் வருவார் என்று கேட்கிறாராம்.

"பறவை பயந்தா திரும்பி வந்துடும்யா!" என்று கத்தினேன். "அவருக்கு ஞாபகம் இல்ல. மூணு வருஷமா இல்ல. படிவத்துல நான் பொய் எழுதினேன். பொண்ணுக்குக்கூடத் தெரியாது. வீட்டு வழி தெரியாது, பேர் தெரியாது, பல நாள் என்னையே தெரியாது. ஆனா அந்த விசில் தெரியும். சொல்லுங்க அவர்கிட்ட!"

மூன்று வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். மிக்கேல் வாக்கி டாக்கியை மறுபடி வாயருகே கொண்டுபோனார். பிறகு ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார்.

கப்பல் ஊதியது. பறவைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு எழும்பின. ஊதிக்கொண்டே இருந்தது. அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு நானும், கூடவே மிக்கேலும் படகில் திட்டின் ஓரமாகப் போனோம். தண்ணீர் குறைவு என்பதால் மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்புத் தள்ளினார். டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது சிவப்புத் துண்டு. பிறகு தலை. தண்ணீருக்கு மேல் நெஞ்சுவரைதான் தெரிந்தது. துண்டைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

எங்களை நோக்கி வந்தவர் இருபது அடி தள்ளி நின்றுவிட்டார். குனிந்தார். முகம் தண்ணீருக்குள் போனது. எழுந்தார், மூச்சு வாங்கினார், மறுபடி குனிந்தார். ஒரு அலை வந்து சாய்த்தது.

"என்ன செய்தாவ? ஏன் வராம நிக்காவ?" என்று மிக்கேல் பதறினார்.

என் மடியைப் பார்த்தேன். கல் என்னிடம் இருந்தது. இருட்டில் இடம் தடுமாறி, இங்கே அதைத் தேடிக்கொண்டிருந்தார். நடுவில் வைத்த ஒன்றை எடுக்காமல் அவர் எப்படித் திரும்புவார்? அதைத்தான் நாங்கள் எடுத்து வந்துவிட்டோமே.

"அம்மா, இருங்க, நான் போறேன்" என்று மிக்கேல் சொல்வதற்குள் நான் இறங்கிவிட்டேன். தண்ணீர் எனக்கு மார்பளவு. உப்பு பட்டதும் பாதம் தீயாக எரிந்தது. மிக்கேல் ஒரு கையில் படகையும் மறு கையில் என் சேலைத் தலைப்பையும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். பயந்தேன். என் பிரசவத்தில்கூட அப்படிப் பயந்ததில்லை. அவர் பக்கத்தில் போய், அவர் பாதத்துக்கு அருகில் கல்லை நழுவ விட்டேன்.

அடுத்த தடவை குனிந்தபோது கையில் அகப்பட்டது. எடுத்து, தண்ணீரை உதறி, இடுப்பில் அணைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இருவருமாகப் படகில் ஏற்றினோம். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மிக்கேலின் சீருடைச் சட்டையைப் பார்த்து, "டிரைவர் சார், பின்னால மூணு வச்சாச்சு. லைன் பத்திரம். நீங்க எடுக்கலாம்" என்றார்.

"எடுத்திருவோம் சார்" என்றார் மிக்கேல். துடுப்பைத் தள்ளத் தொடங்கினார்.

பிறகு இவர் என் பக்கம் திரும்பினார். தலைமுதல் கால்வரை நனைந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "நீங்க பேசஞ்சராம்மா? எறங்கக் கூடாதும்மா நடு வழியில" என்றார். குரலைத் தாழ்த்தி, "என் சம்சாரம் வண்டியில இருக்கா. முதல் தடவையா என்கூட வர்றா. வண்டி நின்னதும் பயந்திருப்பா. அவ இருக்கிற வண்டியில பின்னால எவனும் வந்து மோதிடக் கூடாதில்ல, அதான் கொஞ்சம் தள்ளியே போய் நின்னேன். அவ நல்லா இருக்காளா, பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன்" என்றேன். "நல்லா இருக்காங்க."

"பயந்தாளா?"

"இல்ல. நீங்க இருக்கீங்கன்னு தைரியமா இருக்காங்க."

தலையாட்டிக்கொண்டார். கப்பல் வந்து சேரும்வரை அந்தக் கல்லை யாரிடமும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

கேப்டன் கூப்பிட்டு அனுப்பினார். நாளைவரை காத்திருக்க முடியாதாம். விமான நிலையம் உள்ள பக்கத்துத் தீவில் இன்றே எங்களை இறக்கிவிடுகிறார். நியாயம்தான். ஆனால் அவர் எழுதியிருந்த அறிக்கையில், ஆட்களை எண்ணத் தவறியவர் மிக்கேல் என்று இருந்தது. மிக்கேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பேனாவைக் கேட்டு வாங்கினேன். அட்டையைத் திருப்பியது நான், அவர் என்னை முன்பே எச்சரித்தார், நான் கேட்கவில்லை என்று தமிழிலேயே எழுதினேன். படிவத்தில் எழுதிய பொய்யையும் எழுதினேன். கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தி, இன்னும் ஒன்று சேர்த்தேன். இந்த நோட்டில்கூட நான் மழுப்பிய விஷயம். ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கே எனக்குத் தெரியும், அவர் கப்பலில் இல்லை என்று. காலி அறையைப் பார்த்ததுமே தெரியும். முக்கால் மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. குட்டு உடைந்துவிடும் என்று பயந்து, அவரைத் தண்ணீரில் நிற்க வைத்துவிட்டு, கழிப்பறைக் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மிக்கேல் அதை இங்கிலீஷில் வாசித்துக் காட்டினார். அந்த முக்கால் மணி நேரத்துக்கு வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அதையும் வாசித்தார்.

செவ்வந்திக்கு நானே போன் போட்டேன். எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள். அப்புறம், "ஏம்மா தனியா வச்சிருந்தே?" என்று அழுதாள். விமான நிலையத்துக்கு வருகிறாள்.

பத்து மணிக்கு இறங்கினோம். படியருகே பலகை. பதின்மூன்றை நான் சிவப்பாகத் திருப்பினேன். பதினான்கைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இவர் பலகையைப் பார்த்தபடி நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லோருக்கும் இப்போது தெரியும். மிக்கேல் வந்து, "சார், பதினாலு உங்களுது" என்று மட்டும் சொன்னார்.

இவர் விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தடவிக்கொண்டு வந்து, பதினான்கைக் கண்டுபிடித்துத் திருப்பினார். பக்கத்திலிருந்த பதின்மூன்றையும் ஒருமுறை தொட்டு, சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தார். அறையிலிருந்து எடுத்து வந்த கல் இன்னொரு கையில் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு. போலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"போலாம், கார்டு சார்" என்றேன்.